பிடித்தம் உண்டு, பாதுகாப்பு எவ்வளவு?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், ஓய்வுபெற்ற கருவூல ஊழியரான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

முப்பத்து மூன்று ஆண்டுகள் கருவூலத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவன். எனினும் இந்தப் பொருளைப் பற்றிப் பேச வேண்டும் என நிர்வாகத்திடம் நானே கேட்டுக்கொண்டேன். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பைத்துல்மாலுக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களைப் பார்வையிடும் பொறுப்பு என்னிடம் அளிக்கப்பட்டிருந்தது. மரக்காணம் உப்பளங்களில் நாள் கூலிக்கு உழைப்போரின் மனுக்களே அதிகம் இருக்கும் என்று எண்ணினேன். அவற்றினிடையே, மாதந்தோறும் ஊதியத்திலோ ஓய்வூதியத்திலோ மருத்துவக் காப்பீட்டுக்கெனப் பிடித்தம் செய்யப்படும் குடும்பங்களின் மனுக்களும் இருந்தன. அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே கையில் பணமின்றித்தான் வந்திருந்தார்கள். பிடித்தம் இருக்கிறது, அட்டை இருக்கிறது, ஆனால் வந்த நோய்க்கு அந்த அட்டை உதவவில்லை. ஏன் உதவவில்லை என்பதை அவர்கள் மருத்துவமனை வாசலில்தான் அறிந்துகொண்டார்கள். அறிவதற்கு அதனினும் மோசமான இடம் வேறில்லை.

இதில் நானும் விதிவிலக்கல்லன். 2022ஆம் ஆண்டின் இறுதியில் எனக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. ஒரு மாதத்திற்குள் மீண்டும் சேர்க்கப்பட்டேன். அல்ஹம்துலில்லாஹ், கையிலிருந்து பெரிதாக ஒன்றும் செலவாகவில்லை. காப்பீடு என்றால் இதுவல்லவா என்று பார்ப்போரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். 2024இல் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதே அட்டையுடன் சென்றேன். உதவி மேசையில் அமர்ந்திருந்த பெண், கணினியைப் பார்த்துவிட்டு, “ஐயா, உங்கள் கணக்கில் மிச்சம் கொஞ்சம்தான் இருக்கிறது” என்றார். “அது 2022இல் செலவானது அம்மா, இரண்டாண்டு ஆகிவிட்டதே” என்றேன். “இது ஆண்டுக் கணக்கல்ல ஐயா, நான்காண்டுக் கணக்கு” என்றார். முப்பத்து மூன்று ஆண்டுகள் பிறருடைய பட்டியல்களில் ஒரு ரூபாய் பிழையையும் விடாமல் கண்டுபிடித்தவன், என் சொந்த அட்டையின் கணக்கைப் படித்ததில்லை. எஞ்சிய தொகைக்கு மகனிடமும் மைத்துனரிடமும் கைநீட்ட நேர்ந்தது.

ஆகவே முதலில் அந்தக் கணக்கையே விளக்கிவிடுகிறேன். தமிழ்நாடு அரசின் ஓய்வூதியர்களுக்கான புதிய நலவாழ்வுக் காப்பீட்டுத் திட்டம் நான்காண்டுத் தொகுதிகளாக நடத்தப்பட்டு வருகிறது. 2014 ஜூலையில் தொடங்கிய தொகுதியில் மாதப் பிடித்தம் 150 ரூபாய். 2018இல் அது 350 ஆயிற்று. 2022 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரை எனக் குறிக்கப்பட்ட தொகுதியில் 497 ரூபாய். இந்தத் தொகுதியில் வழங்கப்படும் உச்சவரம்பு 5 லட்சம். புற்றுநோய், உறுப்பு மாற்று போன்ற குறிப்பிட்ட பெருநோய்களுக்கு 10 லட்சம். இது நான்காண்டுகளுக்கும் சேர்த்து, கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து. முதலாண்டிலேயே ஒருவர் அதைச் செலவழித்துவிட்டால், தொகுதி முடியும் வரை மற்றவருக்கு மிச்சம் இராது. தொகுதி மாறும்போது தொகையும் பிடித்தமும் மாறக்கூடியவை. எனவே நான் கூறும் எண்களை அந்தந்த ஆண்டுக்குரியனவாகவே கொண்டு, நடப்பு அரசாணையைக் கருவூலத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பணியிலிருப்போருக்கு 2021 ஜூலை 1 அன்று தொடங்கிய திட்டத்தில் மாதம் 300 ரூபாய் பிடித்தம். உச்சவரம்பு அதேபோல 5 லட்சம், பெருநோய்களுக்கு 10 லட்சம், அரிய அறுவைச் சிகிச்சைகள் சிலவற்றுக்கு 20 லட்சம். கணவனும் மனைவியும் அரசு ஊழியர்களாயின் ஒருவரிடம் பிடித்தம் செய்தால் போதும். இருவரிடமும் பிடித்துக்கொண்டிருந்ததைப் பல ஆண்டு கழித்துக் கண்டுபிடித்தவர்களை நான் அறிவேன். இன்றிரவே ஊதியப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் குடும்பப் பாதுகாப்பு நிதி என்றொரு பிடித்தமும் இருக்கும். அது மரணத்திற்குப் பின் குடும்பத்திற்குக் கிடைப்பது. அதையும் மருத்துவக் காப்பீட்டையும் ஒன்றெனக் கருதி, “இரண்டு காப்பீடு வைத்திருக்கிறேன்” என்று நிம்மதியாக இருப்போரும் உண்டு.

அடுத்து, அந்த அட்டைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பது. என் பார்வையில் தொகையைவிட இதுவே முக்கியமானது.

பணியிலிருக்கும் ஊழியரின் அட்டையில் அவரும், துணைவரும், பிள்ளைகளும் இடம்பெறுவர். பிள்ளைகள் 25 வயது நிறையும் வரை, அல்லது வேலை கிடைக்கும் வரை, அல்லது திருமணம் ஆகும் வரை. இவற்றுள் எது முந்தியதோ அதுவரை. தாய் தந்தையர்? ஊழியர் திருமணமாகாதவராயின் உண்டு. நிக்காஹ் முடிந்த நாளிலிருந்து அவர்கள் அந்த அட்டைக்குள் இல்லை. நம் வீடுகளில் உம்மாவும் அத்தாவும் மகனோடுதான் வாழ்கிறார்கள். அவர்களுக்குத்தான் முதலில் நோய் வருகிறது. மகன் அரசு ஊழியன், அட்டை இருக்கிறது என்ற தைரியத்தில் திண்டிவனத்திற்கோ புதுச்சேரிக்கோ தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அங்கே போன பிறகு தெரிகிறது.

ஊழியர் ஓய்வு பெறும் நாளில் வட்டம் இன்னும் சுருங்குகிறது. ஓய்வூதியர் திட்டத்தில் அவரும் துணைவரும் மட்டுமே. முந்தைய நாள் வரை அட்டையில் இருந்த, கல்லூரியில் பயிலும் மகளும் மகனும் மறுநாள் இல்லை. ஓய்வூதியர் மௌத்தாகிவிட்டால் குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவி மட்டும். இங்கே ஒரு செய்தியைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். இத்தா இருக்கும் காலம் முடியட்டும் என்று நாம் தாள்களையும் கிடப்பில் போட்டுவிடுகிறோம். குடும்ப ஓய்வூதியம் தொடங்கி, அதில் பிடித்தம் நடந்தால்தான் காப்பீடும் தொடரும். மரணச் சான்று பெறுவது, படிவம் நிரப்புவது, கருவூலத்தில் விசாரிப்பது ஆகியவற்றைப் பிள்ளைகள் உடனே தொடங்கலாம்; உம்மா வீட்டிலேயே இருக்கட்டும்.

பெயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இது நம் சமுதாயத்திற்கே உரிய சிக்கல். பணிப்பதிவேட்டில் மனைவியின் பெயர் ‘ஜைத்தூன் பீ’. ஆதாரில் ‘செய்தூன் பேகம்’. குடும்ப அட்டையில் ‘ஜெய்தூன்’. பெண்மணி ஒருவர்தான், கணினிக்கோ மூவர். அறுவைச் சிகிச்சைக்கு அனுமதி கேட்டு மருத்துவமனை விவரம் அனுப்பும்போது இந்த மூவரும் ஒருவரே என்று நிரூபிக்கும் வேலை நம் தலையில் விழுகிறது. ஓய்வூதியக் கொடுவை ஆணையில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்திருக்கின்றனவா என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே பார்த்துத் திருத்திவிடுங்கள்.

இனி, பல்லும் கண்ணும். அமெரிக்க நடுவண் அரசு தன் ஊழியர்க்கும் ஓய்வு பெற்றோர்க்கும் பல்லுக்குத் தனியாக, பார்வைக்குத் தனியாகக் காப்பீடு வைத்திருக்கிறது. 2006இன் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுதோறும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் எந்த நிறுவனத்தின் திட்டம் வேண்டும் என அவர்களே தேர்ந்தெடுக்கலாம். நமக்கு அந்தத் தேர்வு இல்லை. நம் மாநிலத் திட்டம் மருத்துவமனையில் உள்நோயாளியாகத் தங்கிச் செய்யும் சிகிச்சைகளையும், பட்டியலிட்ட அறுவைகளையும் மையமாகக் கொண்டது. பல் பிடுங்குதல், சொத்தை அடைத்தல், வேர்ச் சிகிச்சை, பல்செட்டு, மூக்குக்கண்ணாடி எல்லாம் நம் கைக்காசுதான். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரைகளும் அப்படியே; அவற்றுக்காக மாநில அரசு 2017இல் மருத்துவப்படியை 300 ரூபாயாக உயர்த்தியது. மாத்திரைச் சீட்டோடு அந்தத் தொகையை ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு நான் மேலும் விளக்கத் தேவையில்லை.

கண்புரை அறுவைக்கு மட்டும் இடமுண்டு. 2021இல் தொடங்கிய ஊழியர் திட்டத்தில் கண்ணொன்றுக்கு 30,000 ரூபாய் வரை. விலையுயர்ந்த வில்லையைத் தேர்ந்தெடுத்தால் மிகுதியை நாம்தான் கொடுக்க வேண்டும். வில்லையின் விலையையும் காப்பீடு தரும் தொகையையும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு கையெழுத்திடுங்கள். புதுச்சேரியில் 2003 முதல் இயங்கிவரும் அரவிந்த் கண் மருத்துவமனையில் கட்டணப் பிரிவும் உண்டு, இலவசப் பிரிவும் உண்டு. அரசு மருத்துவமனைகளில் கண்புரை அறுவை இலவசமாகவே செய்யப்படுகிறது. பல்லுக்கு, அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவையும், புதுச்சேரி அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரியையும் நாடலாம். சற்றுக் காத்திருக்க வேண்டும். பொறுமை உடையோர்க்குச் செலவு குறைவு. மிஸ்வாக் என்னும் சுன்னத்துக்குப் பிரீமியம் இல்லை என்பதையும் இடையில் சொல்லி வைக்கிறேன். பல் போன பின் தஜ்வீது எப்படித் தடுமாறுகிறது என்பதை என் அனுபவத்தில் அறிந்தவன் நான்.

மத்திய அரசுப் பணியில் இருந்தோர்க்குக் கதை வேறு. நம் பகுதியில் உப்புத் துறை, அஞ்சல், இரயில்வே ஆகியவற்றில் பணியாற்றியோர் இருக்கிறார்கள். இரயில்வேக்குத் தனி மருத்துவத் திட்டம் உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கு 2003 முதல் தனித் திட்டம் உண்டு. மற்றோர்க்கு மத்திய அரசு சுகாதாரத் திட்டம், அதாவது சி.ஜி.எச்.எஸ். இதில் சார்ந்து வாழும் பெற்றோரையும் வருமான வரம்புக்குட்பட்டுச் சேர்க்கலாம். சார்ந்திருக்கும் மகளைத் திருமணமாகும் வரை வயது வரம்பின்றி வைத்துக்கொள்ளலாம். பல் சிகிச்சைகள் பலவற்றுக்கும் கட்டண விகிதம் வகுக்கப்பட்டுள்ளது. 2017இல் வகுத்தபடி, ஊதிய நிலைக்கேற்ப மாதம் 250, 450, 650, 1000 ரூபாய் என்பது சந்தா. ஓய்வு பெறுவோர் பத்தாண்டுத் தொகையை ஒரே தவணையில் செலுத்தி ஆயுட்கால அட்டை பெறலாம்.

சிக்கல் என்னவெனில், இதன் நல்வாழ்வு மையங்கள் சென்னை போன்ற நகரங்களில் இருக்கின்றன. நாமோ பெருமுக்கல்லில் இருக்கிறோம். மாத்திரை வாங்க மாதந்தோறும் சென்னைக்குப் பேருந்தேறுவது எழுபது வயதில் இயலாது. அதனால் இத்திட்டம் இயங்காத பகுதியில் வசிக்கும் ஓய்வூதியர்க்கு நிலையான மருத்துவப்படி வைத்திருக்கிறார்கள். 2017 ஜூலையில் அது 500இலிருந்து 1000 ரூபாயாக உயர்ந்தது. பலர் அந்த ஆயிரத்தைப் பெற்றுக்கொண்டு அட்டையை வேண்டாமென்று விட்டுவிடுகிறார்கள். அது பெரும் பிழை என்பது என் கருத்து. புறநோயாளிச் செலவுக்கு அந்தப் படியைப் பெற்றுக்கொண்டே, சந்தா செலுத்தி, உள்நோயாளிச் சிகிச்சைக்கு மட்டும் அட்டையை வைத்துக்கொள்ளும் வழி இருக்கிறது. நம்மைப் போன்ற ஊரில் வாழ்வோர்க்கு அதுவே பொருந்தும். இந்த விருப்பத்தை ஆயுளில் ஒருமுறைதான் மாற்ற முடியும். ஆகவே ஓய்வு பெறும் நாளில் அவசரமாக ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டு வராதீர்கள்.

பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர நேர்ந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டார்கள். விபத்தோ மாரடைப்போ வந்தவர் பட்டியல் பார்த்துப் போவதில்லை. சிவகாந்த் ஜா என்னும் ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பளித்தது. மருத்துவமனையின் பெயர் பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்தால் கோரிக்கையை மறுக்கலாகாது; சிகிச்சை உண்மையில் பெறப்பட்டதா, அது சான்றுகளால் மெய்ப்பிக்கப்படுகிறதா என்பதே பார்க்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். அது மத்திய அரசுத் திட்டம் பற்றிய வழக்கு. எனினும் நம் மாநிலத் திட்டத்தில் மறுக்கப்பட்டோரும் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடி நிவாரணம் பெற்றிருக்கிறார்கள். அதற்கு முன் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவிடம் முறையிட வழியுண்டு. எங்கே போனாலும் கையில் தாள் வேண்டும். அசல் ரசீதுகள், பணி விடுப்புச் சுருக்கம், பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். அசலை எவரிடம் கொடுத்தாலும் நகலில் ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள்.

இனி, அட்டைக்கு வெளியே நிற்போரைப் பற்றி. தனிக் குடும்ப அட்டையில் வாழும் தாய் தந்தையரின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உண்மையாகவே இருக்குமானால், அவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். 72,000 ஆக இருந்த வரம்பு 2022இல் இவ்வாறு உயர்த்தப்பட்டது. உண்மையாகவே என்பதை அழுத்திச் சொல்கிறேன். மகனின் சம்பளத்தில் ஒரே அடுப்பில் உண்டுகொண்டு, அட்டைக்காக வருமானத்தை மறைத்துச் சான்று வாங்குவது உப்பளத் தொழிலாளியின் பங்கில் கைவைப்பதாகும். எழுபது வயது நிறைந்தோர்க்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் வரை என மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று அறிமுகப்படுத்திய அட்டையும் உண்டு, சி.ஜி.எச்.எஸ்., முன்னாள் படைவீரர் திட்டம் ஆகியவற்றில் இருப்போர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வளைகுடாவில் பிள்ளைகள் இருப்போர்க்கு ஒரு சொல்: துபாயில் முதலாளி எடுத்துக் கொடுக்கும் காப்பீடு அங்குள்ள பிள்ளைக்கே, ஊரிலுள்ள பெற்றோரை அது அறியாது.

தனியார் காப்பீடு எடுப்பது மார்க்கத்தில் கூடுமா என்ற கேள்வி எழும். அது ஆலிம்கள் சொல்ல வேண்டியது, கணக்கன் சொல்வதற்கில்லை. நம் இமாம் அவர்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். எடுப்பதென்று முடிவு செய்தவர்களுக்காக மட்டும் கணக்கைச் சொல்கிறேன். ‘டாப்-அப்’ பாலிசி மலிவாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட செலவை மட்டும் அது தரும். “அரசுக் காப்பீடு 5 லட்சம் இருக்கிறதே, அதற்குமேல் டாப்-அப் போதும்” என்று முகவர் சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அரசின் 5 லட்சம் நான்காண்டுக்கு ஒருமுறை. டாப்-அப்பின் 5 லட்சம் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கழிக்கப்படும். என் மனைவிக்கு நேர்ந்தது போல அரசின் தொகை தீர்ந்த பின் நோய் வந்தால், முதல் 5 லட்சத்தை நாமே கொடுத்த பிறகுதான் அவர்கள் தொடங்குவார்கள். எனவே கழிவுத் தொகை இரண்டு அல்லது மூன்று லட்சமாக உள்ளதைப் பாருங்கள். சந்தா சற்று அதிகமாகும்.

சர்க்கரை, இரத்த அழுத்தம் எதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் நான்காண்டுக்கு மிகாமல் என்றிருந்ததை 2024இல் மூன்றாண்டாகக் குறைத்திருக்கிறார்கள். எல்லா வயதினர்க்கும் பாலிசி வழங்க வேண்டும் என்றும் அவ்வாண்டு விதி மாற்றப்பட்டது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. ஐம்பத்தைந்து வயதில், பணியில் இருக்கும்போதே எடுப்பவர்க்கு, ஓய்வு பெறும்போது காத்திருப்புக் காலம் கழிந்திருக்கும். ஓய்வுப் பணம் கைக்கு வந்த பிறகு பார்க்கலாம் என்றிருந்தால், நோய் அதற்குள் வந்து உட்கார்ந்துவிடும். பிறகு மூன்றாண்டு அதனோடு காத்திருக்க வேண்டும்.

நிர்வாகத்தின் அனுமதியோடு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா திண்ணையில் இருப்பேன். அரசு ஊழியரோ ஓய்வூதியரோ, குடும்ப ஓய்வூதியம் பெறும் தாய்மார்களின் பிள்ளைகளோ வரலாம். ஊதியப் பட்டியல் அல்லது ஓய்வூதிய ஆணை, காப்பீட்டு அட்டை, வீட்டிலுள்ள அனைவரின் ஆதார் நகல், இந்த மூன்றையும் கொண்டுவாருங்கள். பெயர் பொருந்துகிறதா, யார் உள்ளே இருக்கிறார்கள், நடப்புத் தொகுதியில் எவ்வளவு மிச்சம் என்பதைப் பார்த்து ஒரு தாளில் எழுதித் தருகிறேன். கண்ணாடியை மறக்காமல் கொண்டுவாருங்கள். சென்ற முறை வந்த மூவருக்கும் என் கண்ணாடியையே மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. வஸ்ஸலாம்.